பென்சிலால் எழுதிய பெயர்: கல்விக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நமது பல்கலைக்கழகத்தின் கல்விக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்கள் இணைப்புக் கல்லூரிகளில் ஒன்றில் 16 வருடமாகக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகளில் யார் தயாராக இருக்கிறார்களோ அவர்கள், பருவத்துக்கு ஒரு எம்.எஸ்சி. பாடத்தை முறையாகப் பதிவு செய்து படிக்கவும், தேர்வு எழுதவும், அந்த மதிப்பெண் அவர்கள் கணக்கில் நிற்கவும் ஒரு விதி கொண்டுவாருங்கள். இவ்வளவுதான் என் கோரிக்கை. ஏன் கேட்கிறேன் என்று சொல்லத்தான் இந்த மடல் நீளமாகிவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் துறையின் எம்.எஸ்சி. முதலாண்டு வருகைப் பதிவேட்டில் 22 பெயர்கள் இருந்தன. அதற்குக் கீழே 23ஆவதாக ஒரு பெயரை நான் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். அவள் பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு மாணவி. இரண்டாம் ஆண்டு முடிந்த கோடை விடுமுறையில் எம்டிடிஎஸ் என்கிற கணிதப் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். உங்களில் கணிதக்காரர்களுக்கு அந்த முகாமைத் தெரியும், 1993இலிருந்து நடக்கிறது, நான்கு வாரம் உட்கார வைத்து நிறுவல் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குப் புரிய வைத்து அனுப்புவார்கள். போய்வந்த பிள்ளை சும்மா இருக்குமா? ஜூன் மாதம் கல்லூரி திறந்த மூன்றாவது நாள் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "சார், எம்.எஸ்சி. அல்ஜீப்ரா கிளாஸ்ல பின்னாடி உக்காந்துக்கட்டுமா" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு வேண்டாம் என்று சொல்லும் ஆசிரியர் யாராவது இருந்தால் எனக்கு அவரைப் புரியவில்லை.

ஆனால் சரி என்று சொன்ன பிறகுதான் சிக்கல் தெரிந்தது. நம் இளங்கலை அட்டவணை உங்களுக்கு மனப்பாடம்: 6 நாள் கொண்ட சுற்று (டே ஆர்டர்), நாளுக்கு 5 மணி, மொத்தம் 30 மணி, அதில் ஒரு மணிகூடக் காலி கிடையாது. எந்த மணிக்கு அவள் எம்.எஸ்சி. வகுப்புக்கு வந்தாலும் தன் சொந்த வகுப்பில் ஆப்சென்ட். எங்கள் இளங்கலை வகுப்புகள் மதியம் 2 மணிக்கு முடியும். அதனால் எம்.எஸ்சி. பிள்ளைகளிடம் கேட்டு, அவர்களும் மனசு வைத்து ஒத்துக்கொண்டு, அல்ஜீப்ராவின் 6 மணியில் 4 மணியை மதியம் இரண்டரைக்கு மேல் தள்ளிக்கொண்டோம். மீதி 2 மணிக்கு அவளால் வர முடியவில்லை, நோட்டு வாங்கி எழுதிக்கொண்டாள். அவள் ஊருக்கு 4 மணி டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது 5.40க்குத்தான். வாரத்தில் பாதி நாள் அந்த 5.40 பஸ்ஸில்தான் போனாள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் சைலோ தேற்றங்களை நடத்தி முடித்துவிட்டு, 15 உறுப்புகள் கொண்ட குரூப் (பெருக்கல் போன்ற ஒரு செயலோடு சேர்ந்த உறுப்புகளின் தொகுப்பு) ஒரே ஒரு வகைதான், அது சுழல் குரூப், என்று கரும்பலகையில் நிறுவிக் காட்டினேன். எப்போதும் நடத்துகிற உதாரணம். 3க்கான உட்குரூப்பின் எண்ணிக்கை 5ஐ வகுக்கவேண்டும், 3ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும், ஆக ஒன்றே ஒன்று. 5க்கும் அதேபோல ஒன்றே ஒன்று. முடிந்தது. சாக்பீஸைக் கீழே வைக்கப் போனபோது பின் பெஞ்சிலிருந்து, "சார், 21க்கும் இதே மாதிரி போட்டுப் பார்த்தேன், 3க்கு ஒண்ணும் வருது, 7உம் வருது. அப்ப 21க்கு ரெண்டு வகை இருக்குமா?" என்றாள். இருக்கிறது, அதில் ஒன்றில் பெருக்கலின் வரிசையை மாற்றினால் விடை மாறும். அவளை எழுந்து வரச் சொன்னேன். மீதி இருந்த 20 நிமிடமும் 22 எம்.எஸ்சி. பிள்ளைகளும் அவளும் சேர்ந்து பலகையில் அந்த இரண்டாவது குரூப்பைக் கட்டினார்கள், நான் ஜன்னல் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் 16 வருடத்தில் இப்படி ஒரு மணி எத்தனை முறை கிடைத்தது என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த வகுப்பால் லாபம் அவளுக்கு மட்டுமா என்று யோசித்துப் பாருங்கள், அந்த 22 பேரும் அதற்கப்புறம் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள்.

அகமதிப்பீட்டுத் தேர்வை அவளும் எழுதினாள். 25க்கு 21. அதை எங்கே பதிவது? எங்கும் இல்லை. நவம்பரில் பருவத்தேர்வு வந்தபோது அவளுக்கு அந்தப் பாடத்துக்குப் பதிவு எண்ணும் கிடையாது, ஹால் டிக்கெட்டும் கிடையாது. தேர்வு முடிந்த மாலையில் நான் வினாத்தாளை வாங்கி வந்து துறை நூலகத்தில் அவளை உட்கார வைத்து 3 மணி நேரம் எழுதச் சொன்னேன். நானே திருத்தினேன், 75க்கு 63. பாசத்தில் போட்ட மதிப்பெண் என்று யாரும் நினைக்கக் கூடாது என்பதற்காக இன்னொரு கல்லூரியில் இருக்கும் நண்பரிடமும் திருத்தக் கொடுத்தேன், அவர் 65 போட்டார். அந்த விடைத்தாள் இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது.

அடுத்த ஜூனில் அவள் எங்களிடமே எம்.எஸ்சி. சேர்ந்தாள். முதல் பருவம், முதல் பாடம், அல்ஜீப்ரா. அதே அறை, அதே ஆசிரியர், அதே சைலோ. இந்தப் பாடத்துக்குப் பதிலாக மூன்றாம் பருவத்தின் அளவைக் கோட்பாட்டை (மெஷர் தியரி) எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டு அவள் ஒரு விண்ணப்பமும், பரிந்துரை செய்து நான் ஒரு கடிதமும், முதல்வர் வழியாக அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது, ஒரே வரி: விதிகளில் இடமில்லை. அந்த வரியை எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் சொன்னது உண்மை. விதிகளில் இடமில்லைதான். அதனால்தான் விதி எழுதுகிற உங்களுக்கே எழுதுகிறேன்.

அந்தப் பருவம் முழுக்க அவள் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்பதை நான் தினமும் பார்த்தேன். முந்தின வருடத்து நோட்டையே கொண்டுவருவாள். நான் பலகையில் ஒரு தேற்றத்தை எழுதினால், நோட்டில் அதே தேற்றத்தின் பக்கத்தில் சின்னதாக ஒரு டிக் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வாள். 75 சதவீத வருகை வேண்டுமே, வராமலும் இருக்க முடியாது. 90 வேலை நாள், 15 சுற்று, சுற்றுக்கு 6 மணி, ஆக 90 மணி நேரம். தெரிந்ததை மறுபடி படித்தால் நல்லதுதானே என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். கணிதத்தில் அது ஓரளவு உண்மையும்கூட, நானே மறுவாசிப்பில் பிடிபட்ட விஷயங்கள் பல. ஆனால் மறுவாசிப்பு வேறு, வருகைக்காகக் கட்டிப்போட்டு உட்கார வைப்பது வேறு. அந்த 90 மணியில் அவள் அளவைக் கோட்பாட்டை முடித்திருந்தால் நான்காம் பருவத் திட்டக்கட்டுரைக்கு அவள் எடுத்திருக்கக்கூடிய தலைப்பே வேறாக இருந்திருக்கும்.

இதை ஒரு பெண்ணின் கதை என்று நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது. ஒவ்வொரு வருடமும் ஒரு துறைக்கு ஒருவரோ இருவரோ இப்படி வருகிறார்கள். இயற்பியலில், வேதியியலில், பொருளாதாரத்தில், தமிழ்த்துறையிலும்கூட. சங்க இலக்கியத்தை இளங்கலையிலேயே முழுசாக வாசித்துவிட்டு முதுகலையின் ஒப்பிலக்கிய வகுப்பின் வாசலில் நிற்கிற பையனை என் தமிழ்த்துறை நண்பர் எனக்குக் காட்டியிருக்கிறார்.

சென்னையில் மாநிலக் கல்லூரியில் ஹானர்ஸ் படித்த ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். 1928இல் ஜெர்மனியிலிருந்து இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் அங்கே பேச வந்தார். அவருடைய அணு அமைப்புப் புத்தகத்தைத் தானாகவே படித்து முடித்திருந்த அந்தப் பையன் மறுநாள் அவர் தங்கியிருந்த ஹோட்டல் அறைக்கே போய்விட்டான். நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது, குவாண்டம் இயக்கவியல் வந்து எல்லாம் மாறிவிட்டது என்று சொன்ன சோமர்ஃபெல்ட், இன்னும் அச்சாகாத தன் கட்டுரையின் அச்சுப்படிகளை அவன் கையில் கொடுத்தார். அடுத்த வருடம், 1929இல், பட்டம் வாங்குவதற்கு முன்பே, அந்தப் பையனின் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. பெயர் சுப்ரமணியன் சந்திரசேகர், 1983இல் நோபல் பரிசு. இந்தக் கதையை எல்லோரும் மேதைமைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உறைப்பது வேறு. அந்தப் பையனுக்கு அடுத்த படிக்கட்டைக் காட்டியது எந்தப் பாடத்திட்டமும் இல்லை, தற்செயலாக அந்த ஊருக்கு வந்த ஒரு மனிதர். நூறு வருடம் நெருங்கப் போகிறது, நம் பிள்ளைகள் இன்னும் அதே தற்செயலைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஒரு ஆசிரியர் நல்ல மனசோடு பென்சிலில் பெயர் எழுதினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இது நடக்காத காரியமும் இல்லை. சிறுசேரியில் இருக்கிற சென்னைக் கணிதக் கழகத்தில் பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு பிள்ளைகளும் எம்.எஸ்சி. பிள்ளைகளும் ஒரே எலெக்டிவ் வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறார்கள். ஐஐடி மெட்ராஸில் பி.டெக். பிள்ளை முதுகலைப் பாடத்தை எலெக்டிவாக எடுப்பது ரொம்ப சாதாரணம். பெங்களூரு ஐஐஎஸ்சியில் இளங்கலை தொடங்கியதே 2011இல்தான், அங்கேயும் கடைசி ஆண்டுகளில் ஆராய்ச்சி மாணவர்கள் படிக்கிற பாடங்களில் போய் உட்காருகிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பாடம் நடத்துகிற ஆசிரியர் ஒரு கையெழுத்துப் போட்டால் கடைசி வருட இளங்கலை மாணவர் முதுகலை வகுப்பில் பதிவு செய்துகொள்ளலாம், பல காலமாக நடக்கிற ஏற்பாடு.

அந்த நிறுவனங்களோடு நம்மை ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். ஒப்பிடத்தான் வேண்டும். ஏனென்றால் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்விலும் விரிவுரையாளர் தகுதிக்கான நெட் தேர்விலும் ஆராய்ச்சிப் படிப்புக்கான நேர்காணலிலும் நம் பிள்ளை அந்தப் பிள்ளைகளோடுதான் போட்டி போடுகிறாள், அங்கே யாரும் நீ எந்தக் கல்லூரி என்று பார்த்து வேறு வினாத்தாள் கொடுப்பதில்லை. அப்புறம் இன்னொன்று. சீக்கிரமே மேலே போக விரும்புகிறவர்கள் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பில் சேரட்டுமே, மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனமான ஐசர் இருக்கிறது, திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது என்று ஒரு கூட்டத்தில் என்னிடம் சொன்னார்கள். அதெல்லாம் பிளஸ் டூ முடிந்த கையோடு, 17 வயதில் எடுக்க வேண்டிய முடிவு. நான் சொன்ன மாணவிக்குப் பிளஸ் டூ முடிக்கும்போது ஐசர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அவள் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார், வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். பஸ் வசதி இருந்ததால் எங்கள் கல்லூரி, கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காததால் கணிதம். கணிதம் தனக்கானது என்று அவளுக்குத் தெரிந்தது 19 வயதில். 17இல் தெரியாததற்காக 19இல் கதவைச் சாத்துவது என்ன நியாயம்?

நம் மாநிலம் மூன்றும் இரண்டும் என்ற பழைய அமைப்பையே வைத்திருக்கிறது. தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பல இடங்களில் நான்கு வருட இளங்கலைக்கும், அதன்பின் ஒரு வருட முதுகலைக்கும் மாறிவிட்டார்கள். நம் அமைப்பை நான் ஆதரிக்கிறேன், மனப்பூர்வமாகவே. மூன்று வருடத்தில் ஒரு பட்டம் கையில் வந்துவிட வேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும், நான்காவது வருடம் என்று ஒன்றைச் சேர்த்தால் முதலில் நிற்கப்போவது பெண்பிள்ளைகள்தான். ஆனால் மூன்றும் இரண்டும் என்று வைத்துக்கொண்டால் அந்த மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் போட வேண்டிய பொறுப்பும் நமக்கு வருகிறது. நான்கு வருடம் படிக்கிற பிள்ளை கடைசி வருடத்தில் மேல்நிலைப் பாடங்களைத் தொட்டுவிடுகிறது. நம் பிள்ளைக்கு அது ஐந்தாம், ஆறாம் பருவத்தில் கிடைக்க வேண்டும், தயாராக இருக்கிற பிள்ளைக்காவது. பணமும் இதில் ஒரு விஷயம்தான். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வருகிற 1,000 ரூபாய் இளங்கலையோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு பருவமும் வீட்டில் பேசிப் பேசி வாங்குகிற அனுமதி. அந்தப் பருவங்களில் ஒன்றின் ஒரு பகுதியை, ஏற்கெனவே படித்த பாடத்துக்குச் செலவழிக்கச் சொல்வது எனக்கு மனசாட்சிக்கு ஒவ்வாத காரியமாகப் படுகிறது.

2022இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று சொல்லிவிட்டதே, அதில் இது வராதா என்றால், வராது. எம்.எஸ்சி.யில் சேர பி.எஸ்சி. முடித்திருக்க வேண்டும், ஆக இந்தப் பிள்ளை அதற்குள் நுழையவே முடியாது. நான் கேட்பதும் இரண்டு பட்டம் இல்லை, ஒரே ஒரு பாடம்.

சரி, ஆன்லைனில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். என்பிடெல் என்கிற இணையப் பாடத்தளத்தில் ஐஐடி பேராசிரியர் நடத்துகிற எம்.எஸ்சி. நிலைப் பாடத்தை எங்கள் பி.எஸ்சி. பிள்ளை இன்றைக்கே பதிவு செய்யலாம். படிக்கக் காசு இல்லை, தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம், நீ என்ன பட்டம் வைத்திருக்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதற்குக் கூடுதல் கிரெடிட் தரும் கல்லூரிகளும் நிறைய. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை மத்திய அரசின் இணையப் பாடத்தளமான ஸ்வயம் வழியாகப் படிக்கலாம் என்று 2021இலேயே யுஜிசி விதி வந்துவிட்டது. ஆக, திரையில் தெரிகிற ஆசிரியரிடம் படித்தால் செல்லும், அதே பாடத்தை எதிர் அறையில் நேரில் படித்தால் செல்லாது. திரையில் கேட்கிற பிள்ளை 21 உறுப்புக் குரூப்பைப் பற்றி யாரிடம் எழுந்து கேட்கும்?

இப்போது என் பக்கத்துத் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும், சொல்லாமல் கோரிக்கை வைப்பது நேர்மை ஆகாது. அந்த மாணவிக்கு அடுத்த வருடம் ஒரு மாணவன் வந்து கேட்டான். அவனும் கெட்டிக்காரன். சரி என்றேன். அவன் எம்.எஸ்சி. வகுப்பு மோகத்தில் தன் சொந்தப் பாடங்களை விட்டுவிட்டான், ஐந்தாம் பருவத்தில் மெக்கானிக்ஸில் அரியர் விழுந்தது. ஆறாம் பருவம் முழுக்க அந்த அரியரோடு மல்லுக்கட்டியே போனது, நினைத்திருந்த இடத்தில் எம்.எஸ்சி.யும் கிடைக்கவில்லை. அவன் மற்ற பாடங்களில் எப்படி இருக்கிறான், வருகை எவ்வளவு, பழைய மதிப்பெண் என்ன என்று நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஆர்வத்தைப் பார்த்தேன், அது போதும் என்று நினைத்துவிட்டேன். விதி என்று ஒன்று இருந்திருந்தால் என்னைப் பார்க்க வைத்திருக்கும். அவனை இன்னும் ஒரு வருடம் பொறுத்திரு என்று சொல்ல வைத்திருக்கும். இந்தக் கோரிக்கையை எதிர்க்கிறவர்கள் சொல்கிற முதல் ஆபத்து இதுதான், அவர்கள் சொல்வது சரி, நான் அதைக் கண்ணால் பார்த்தவன். எனக்கு அது விதி வேண்டும் என்பதற்கான காரணமாகத்தான் படுகிறது, ஏனென்றால் விதி இல்லாமலே இது பல துறைகளில் நடந்துகொண்டுதான் இருக்கிறது, பென்சிலில்.

ஆகவே விதி கறாராகவே இருக்கட்டும். நான்காம் பருவம் வரை ஒரு அரியரும் இருக்கக் கூடாது. முதன்மைப் பாடங்களில் 75 சதவீதமோ அதற்கு மேலோ வாங்கியிருக்க வேண்டும், அந்த எண்ணை நீங்கள் 80 ஆக்கினாலும் எனக்குச் சம்மதம். பாடம் நடத்துகிற ஆசிரியரும் துறைத்தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். பருவத்துக்கு ஒரே ஒரு பாடம், அதற்கு மேல் வேண்டாம். முதல் அகமதிப்பீடு முடிந்த பிறகு, முடியவில்லை என்றால் தண்டனை இல்லாமல் விலகிக்கொள்ளும் வழி இருக்க வேண்டும், இது ரொம்ப முக்கியம், இது இல்லாவிட்டால் பயந்த பிள்ளைகள் கேட்கவே மாட்டார்கள், துணிந்த பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள். தேர்ச்சிக்கு எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு உள்ள 50 மதிப்பெண்ணேதான், இளங்கலையின் 40 இல்லை. தனி வினாத்தாளும் வேண்டாம், சலுகையும் வேண்டாம்.

எந்த மணியில் படிப்பது? மூன்றாம் ஆண்டில் மேஜர் எலெக்டிவ் என்று ஒரு இடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த இடத்தில், கொடுத்திருக்கிற தாள்களுக்குப் பதிலாக, எம்.எஸ்சி. பாடம் ஒன்றை எடுக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். இளங்கலையின் ஐந்தாம் பருவமும் எம்.எஸ்சி.யின் முதல், மூன்றாம் பருவங்களும் ஒரே ஜூனில் தொடங்கி ஒரே நவம்பரில் முடிகின்றன. ஆறாம் பருவத்துக்கும் அப்படியே. நாட்காட்டியில் கை வைக்க வேண்டிய அவசியமே இல்லை. அட்டவணை போடுகிறவர் எலெக்டிவ் மணிகளையும் எம்.எஸ்சி. பாடத்தின் மணிகளையும் ஒன்றாக நிறுத்த வேண்டும், அது நானே பல வருடம் செய்த வேலை, ஒரு சாயங்கால வேலை. எலெக்டிவுக்கு 5 மணி, எம்.எஸ்சி. பாடத்துக்கு 6 மணி என்று வந்தால் அந்த ஒரு மணியை இரண்டு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம்.

கிரெடிட்டை இரண்டு முறை எண்ணுவதா என்ற கேள்வி நிச்சயம் வரும். எண்ண வேண்டாம். பி.எஸ்சி.யில் எலெக்டிவாக எடுத்த எம்.எஸ்சி. பாடம் பி.எஸ்சி.யின் கணக்கிலேயே இருக்கட்டும். அதே பிள்ளை பிறகு எம்.எஸ்சி. சேர்ந்தால் அந்தப் பாடத்திலிருந்து விலக்கு கொடுத்து, அதே கிரெடிட்டுக்கு வேறொரு மேல்நிலைப் பாடத்தை எடுக்க வையுங்கள். எம்.எஸ்சி.யின் மொத்த கிரெடிட் ஒன்றுகூடக் குறைய வேண்டாம். வெளிநாடுகளிலும் பெரும்பாலும் இப்படித்தான், ஒரு பட்டத்துக்குக் கணக்கில் எடுத்ததை இன்னொன்றுக்கு எடுப்பதில்லை, ஒருங்கிணைந்த படிப்பு என்று தனியாக வைத்திருக்கிற இடங்களில் மட்டும் சில பாடங்களை இரண்டுக்கும் எண்ணுகிறார்கள். எங்களுக்கு அதுவும் வேண்டாம். படிப்பைக் குறைக்க யாரும் இங்கே கேட்கவில்லை, கூடப் படிக்கத்தான் கேட்கிறோம். எலெக்டிவுக்குப் பதிலாக இல்லாமல் கூடுதலாக எடுத்துப் படித்த பிள்ளைக்கு மட்டும் அந்தக் கிரெடிட்டை அப்படியே வைத்திருந்து எம்.எஸ்சி.யில் சேர்த்துக்கொள்ளலாம். 2021இல் வந்த கிரெடிட் வங்கி விதிகளில் ஒரு கிரெடிட் 7 வருடம் வரை செல்லும். நமக்கு ஒரு வருடம் போதும்.

பணிச்சுமையைப் பற்றிச் சக ஆசிரியர்களின் பயத்தையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் மேடையில் சொல்ல மாட்டார்கள், ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சொல்வார்கள். எலெக்டிவ் வகுப்பிலிருந்து பிள்ளைகள் எழுந்து போய்விட்டால் அந்த மணிகள் போய்விடும், மணிகள் போனால் 16 மணிப் பணிச்சுமை குறையும், பணிச்சுமை குறைந்தால் பணியிடமே போய்விடும். அரசு உதவிபெறும் கல்லூரிகளில் இது கற்பனைப் பயம் இல்லை, பணியிடங்கள் நிரப்பப்படாமல் வருடக்கணக்கில் கிடப்பதைப் பார்த்தவர்களின் பயம். ஆனால் 50 பேர் வகுப்பிலிருந்து ஒருவரோ இருவரோ போனால் எந்த மணியும் போகாது. வேண்டுமானால் ஒரு வகுப்பிலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது என்று எழுதிவிடுங்கள், அந்தப் பயமும் தீரும். தேர்வுப் பிரிவுக்கு இது கூடுதல் வேலைதான், மறுக்கவில்லை. ஒரு இளங்கலைப் பதிவு எண்ணை முதுகலைத் தாளின் பட்டியலில் சேர்க்க மென்பொருளில் இடம் வேண்டும். அரியர் எழுத வருகிற பழைய பாடத்திட்டப் பிள்ளைகளுக்காக இதைவிடச் சிக்கலான பட்டியல்களை அவர்கள் ஒவ்வொரு பருவமும் போடுகிறார்கள், இதையும் போடுவார்கள். கட்டணமாக அந்த ஒரு தாளின் தேர்வுக் கட்டணத்தை மட்டும் வாங்குங்கள். தயவுசெய்து இதற்கென்று ஒரு தனிக் கட்டணத்தை உருவாக்காதீர்கள், உருவாக்கினால் இது வசதியுள்ள பிள்ளைகளின் அலங்காரமாகிவிடும்.

இளங்கலை மட்டும் உள்ள கல்லூரிகளை நினைத்தால் எனக்கும் பதில் முழுசாக இல்லை. பக்கத்துக் கல்லூரிக்குப் போய் வா என்று சொல்வது சில ஊர்களில் நடக்கும், பல ஊர்களில் நடக்காது. முதலில் இரண்டும் ஒரே வளாகத்தில் இருக்கிற இடங்களில் தொடங்குங்கள். எல்லோருக்கும் கொடுக்க முடியாததால் யாருக்கும் கொடுக்காமல் இருக்க வேண்டாம்.

தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே செய்துகொள்ளலாமே என்றும் கேட்பார்கள். பி.எஸ்சி. எலெக்டிவை அவர்கள் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பிள்ளை எம்.எஸ்சி.க்கு வேறு கல்லூரிக்குப் போனால் அந்த விலக்கை அங்கே யார் மதிப்பார்கள்? பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம், அதனால் இது உங்கள் தீர்மானத்தில் வந்தால்தான் எல்லா இடத்திலும் செல்லும்.

அந்த மாணவி இப்போது எம்.எஸ்சி. முடித்துவிட்டாள், நெட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். போன மாதம் துறைக்கு வந்தபோது இந்த மடலை எழுதப்போகிறேன் என்று சொன்னேன். என் பெயர் வேண்டாம் சார், ஆனா 21 கணக்க எழுதுங்க என்றாள். எழுதிவிட்டேன். அவளுக்கு இனி இந்த விதியால் ஒரு பயனும் இல்லை.

ஆனால் இந்த வருடம் இரண்டாம் ஆண்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருத்தி டோபாலஜியைத் தானே படிக்க ஆரம்பித்துவிட்டாள், சந்தேகம் கேட்க வெள்ளிக்கிழமைதோறும் வருகிறாள். இன்னொருவன் நிகழ்தகவு. ஜூனில் அவர்களுக்கு ஐந்தாம் பருவம் தொடங்குகிறது. ஏப்ரலில் நடக்கும் உங்கள் கூட்டத்தில் இது பொருள்நிரலில் வந்தால், பாடத்திட்டக்குழு மே மாதத்தில் எலெக்டிவ் பட்டியலில் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடலாம். தீர்மானத்தின் வரைவு என்னிடம் இருக்கிறது, ஒன்றரைப் பக்கம், முதல்வர் வழியாக ஏற்கெனவே அனுப்பியிருக்கிறேன். நேரில் வந்து விளக்கச் சொன்னால், எந்த நாள் என்றாலும், அந்த விடைத்தாளையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
இணைப்புக் கல்லூரி ஒன்றின் கணித ஆசிரியர்